தாய்மாமன் எத்தனையாவது ஆள்?

ஒரகடத்தில் கார்களுக்கு இருக்கை தைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், அதை எந்த வரிசையில் வைப்பது என்று அவர்களே ஒரு கமிட்டி போட்டுவிடுவார்கள். அங்கே மூன்றாவது லைனில் தையல் மெஷின் ஓட்டும் இசக்கிபாண்டிக்குப் பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் லீவு வேண்டியிருந்தது. கதை அவ்வளவுதான். மூன்று நாள் லீவில் என்ன பெரிய கதை என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம்.

லீவு அவனுக்காக அல்ல. அம்பாசமுத்திரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை செல்லக்கனியின் மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தா கோயிலில், பங்குனி உத்திரத்தன்று, தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். செல்லக்கனிக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன். போன வருஷமும் இதே காதுகுத்துக்கு லீவு கிடைக்காமல் தள்ளிப் போட்டாயிற்று. அப்போதே அவள் மாமியார், "ஒனக்கு அண்ணன்னு ஒருத்தன் மெய்யாவே உண்டுமா, இல்ல போட்டோவுல மட்டும் வச்சிருக்கியா" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

"எண்ணே, இந்தத் தடவ நீ வரலன்னா அவுக ஒன்னுவிட்ட மாமா ஒருத்தர உக்கார வச்சிருவாவ. பெறவு இந்த வீட்டுல நான் வாயத் தொறக்க முடியாது" என்றாள் செல்லக்கனி போனில்.

"வாரேன் தாயி. சாஸ்தா மேல ஆணையா வாரேன்" என்று இவனும் சொல்லிவிட்டான். சாஸ்தா மேல் ஆணையிடுவது சுலபம். கம்பெனியில் சாஸ்தாவுக்குச் செல்வாக்கு கிடையாது.

முன்பெல்லாம் இதில் சிக்கலே இருந்ததில்லை. லைன் சூப்பர்வைசர் தாண்டவராயன் மண்ணூர்க்காரர். டீ நேரத்தில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாபா, யாருக்கு அவசரம்? சொல்லித் தொலைங்க" என்று கேட்பார். தெற்கத்திக்காரர்கள் பங்குனிக்குப் போவார்கள். மண்ணூர்க்காரர்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றப் போவார்கள். மாதா கோயில்காரர்கள் கிறிஸ்துமசுக்கு. கொஞ்சம் வாய்த்தகராறு நடக்கும், யாராவது யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன்பட்டிருப்பார்கள். ஆனால் லைன் ஒரு நாளும் நின்றதில்லை.

போன வருஷம் இந்த ஏற்பாட்டுக்குச் சனி பிடித்தது. சென்னையிலிருந்து தினமும் ஏசி காரில் வந்து இறங்கும் மனிதவளத் தலைவர் ஹேமந்த், தொழிலாளர்களைக் கேன்டீனில் கூட்டி ஒரு சொற்பொழிவு செய்தார்.

"இனிமே லீவு கொடுக்கறது சூப்பர்வைசர் இல்ல, சாஃப்ட்வேர். உங்கள்ல யாரையும் நான் மனுஷனாப் பார்க்கப் போறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, இது மரியாதைதான். மனுஷனாப் பார்த்தா பாரபட்சம் வரும். ஆப்ஜெக்டாப் பார்த்தா வராது. நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு ஆப்ஜெக்ட். எல்லா ஆப்ஜெக்டையும் ஒரு லிஸ்ட்ல போடுவோம். லிஸ்ட்டை சார்ட் பண்ணுவோம், அதாவது வரிசையா அடுக்குவோம். மேல இருக்கற ஆறு பேருக்கு லீவு."

எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா கொடுத்திருந்தார்கள், தட்டாமல் இருப்பது நன்றாக இருக்காது.

சாஃப்ட்வேரை எழுதியவன் கார்முகில், இருங்காட்டுக்கோட்டைக்காரன். நல்ல மாதிரி. அவன்தான் பிறகு இசக்கிபாண்டிக்குப் புரியும்படி சொன்னான். "அண்ணா, மெஷினுக்கு நூறு பேரைத் தெரியாது. ரெண்டு பேரத்தான் தெரியும். ரெண்டு பேர எடுத்து வெச்சிகினு, இதுல யாரு முன்னாடின்னு கேக்கும். பதில் வந்தா அடுத்த ரெண்டு பேரு. இப்டியே கேட்டுக் கேட்டு மொத்த லிஸ்ட்டையும் அடுக்கிடும். யாரு முன்னாடின்னு சொல்ற விதிய மட்டும் நாம எழுதிக் குடுக்கணும்."

முதல் விதி, அதிக வருஷம் வேலை பார்த்தவர் முன்னால் என்பது. நியாயமாகத்தான் இருந்தது. இசக்கிபாண்டிக்கு அப்போதுதான் பத்து வருஷம் நிறைந்திருந்தது, மூன்றாவது லைனில் அவனைவிட மூத்தவர் என்றால் பதினோரு வருஷக்காரரான தாண்டவராயன் ஒருவர்தான். லிஸ்ட் வந்தது. உச்சியில் ஒன்பது வருஷக்காரர்கள். அப்புறம் எட்டு, ஏழு என்று இறங்கி, இரண்டு வருஷக்காரர்களுக்கும் கீழே தாண்டவராயன் கிடந்தார், அவருக்கும் கீழே இசக்கிபாண்டி. அவனுக்கு அடியில் போன தீபாவளிக்குச் சேர்ந்தவர்கள் மட்டும். ஒன்பதோடு நின்றிருந்தால் முதல் ஆளாக இருந்திருப்பான், பத்தாவது வருஷமும் ஒழுங்காக வேலைக்கு வந்துதான் கெட்டான்.

வருஷக்கணக்கை எண்ணாகப் போடாமல் எழுத்தாகப் போட்டுவிட்டதால், மெஷின் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து அடுக்கிவிட்டது என்று கார்முகில் தலையைச் சொறிந்தான்.

தாண்டவராயன் நேராக ஹேமந்திடம் போனார். "சார், பதினொண்ணு பெருசா ரெண்டு பெருசான்னு எங்க தெருவுல கீற வாண்டுங்களுக்குக்கூடத் தெரியும் சார்."

"வாண்டுகளுக்குத் தெரியலாம் மிஸ்டர் தாண்டவராயன். ஆனா வாண்டுகள் ப்ராசஸ் ஃபாலோ பண்றதில்ல" என்றார் ஹேமந்த்.

பதினொன்று இரண்டைவிடப் பெரியது என்பதைப் பரிசீலித்து ஒப்புக்கொள்ள ஒரு கமிட்டி உட்கார்ந்தது. அது எழுந்தபோது போன வருஷப் பங்குனி முடிந்து சித்திரையும் பிறந்துவிட்டது.

இந்த வருஷம் விதியை மாற்றினார்கள். லேட்டாக வந்தது, லீவு எடுத்தது, மேலதிகாரியிடம் புகார் வாங்கியது, இவையெல்லாம் யாருக்குக் குறைவோ அவர் முன்னால். மாசி மாதம் ஒத்திகை லிஸ்ட் வந்தது. மூன்றாவது லைனில் முதல் இடம் மோகன் என்பவருக்கு. மோகன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அவர் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால் பெயர் மட்டும் உள்ளேயே இருந்தது. கட்டங்கள் எல்லாம் காலி. காலியைவிடக் குறைந்தது எது? மெஷின் அவரைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டது.

ஹேமந்த் இதையும் விடவில்லை. மைக்கைப் பிடித்தார். "மோகன் கிட்ட எல்லாரும் கத்துக்கணும். ஒரு நாள் லேட் கிடையாது. ஒரு நாள் லீவு கிடையாது. ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது."

"சார், அவன் வேலையிலேயே இல்ல சார்" என்றார் தாண்டவராயன்.

"அந்த அளவு ஒழுக்கம் வேணும்னுதான் நானும் சொல்றேன்."

மோகனுக்கு ஆறு நாள் லீவும் ஒரு சான்றிதழும் போய்ச் சேர்ந்தன. லீவை என்ன செய்வது என்று தெரியாமல், சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தார். அன்றைக்கு மூன்றாவது லைன்காரர்கள் சாப்பிடப் போனபோது ஆளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். கம்பெனி லிஸ்ட்டால் ஊழியர்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த முட்டை.

பங்குனி பிறந்துவிட்டது. செல்லக்கனி மறுபடியும் கூப்பிட்டாள். "எண்ணே, அந்த ஒன்னுவிட்ட மாமாவுக்கு வேட்டி எடுத்தாச்சு. பட்டுக்கரை." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. இனி ஆனது ஆகட்டும் என்று இசக்கிபாண்டி ஹேமந்தின் அறைக்குள் போய்விட்டான்.

"ரீசன்?" என்றார் ஹேமந்த், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து சார். நான் தாய்மாமன்."

"தாய்மாமன். சரி, அது ஒரு கிளாஸ். அதாவது ஒரு வகை. அந்த வகையில எந்த ஆப்ஜெக்ட் வந்தாலும் வேலை நடக்கணும். உங்க வீட்ல வேற தாய்மாமன் யாரு இருக்காங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"பேக்கப் இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தறீங்க?"

"எங்க ஐயாகிட்ட அப்ப யாரும் சொல்லல சார்."

ஹேமந்த் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்த நிகழ்ச்சிக்குத் தேவை நீங்க இல்ல. உங்க மடி. கரெக்டா? குழந்தை ஆடாம உட்காரணும், அவ்வளவுதான். நம்ம கம்பெனி குழந்தை சீட் இருக்கே. மோதல் சோதனை பாஸ் பண்ணின சீட். உங்க மடி எந்தச் சோதனை பாஸ் பண்ணியிருக்கு? ஊழியர் விலைக்கே தரச் சொல்றேன், பார்சல்ல அனுப்புங்க."

அந்தச் சீட்டுக்கு உறை தைக்கிறவனே இசக்கிபாண்டிதான். அதன் எந்த மூலையில் நூல் பிரியும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கட்டிடத்துக்குள் அவனுக்குக் கோபம் வந்தது.

"சார், எனக்கு அவசியமாப் போகணும் சார்" என்றான்.

"அவசியம்னு ஒரு கட்டம் ஸ்க்ரீன்லயே இல்லப்பா. இல்லாததை நான் எப்படிப் பார்க்க முடியும்? வரிசைப்படி வாங்க."

மோகன் விவகாரம் மேலிடம் வரை போய்ச் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டதால், ஹேமந்த் கடைசியாக ஒரு விதி கொண்டுவந்தார். அதற்கும் சொற்பொழிவு, இந்த முறை சமோசா இல்லை. "இனிமே மெஷின் முடிவு பண்ணாது. நீங்களே பண்ணுவீங்க. ரெண்டு ரெண்டு பேரா உள்ள வருவீங்க, உங்கள்ல யார் முன்னாடின்னு ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவீங்க. இது ஜனநாயகம். ரெண்டு பேருமே 'நான்தான்'னு சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அப்போ பழைய லிஸ்ட்ல யார் மேல இருக்காங்களோ அவர். மனுஷன் சுயநலக்காரன். அதை முழுசா நம்பித்தான் இந்த சிஸ்டத்தையே கட்டியிருக்கோம்."

முதலுதவி அறையிலிருந்த கட்டிலை எடுத்துவிட்டு, அங்கே கார்முகிலை ஒரு மடிக்கணினியோடு உட்கார வைத்தார்கள். கதவில் 'ஒப்பீட்டு அறை' என்று பலகை மாட்டினார்கள். விரலில் ஊசி ஏறினால் எங்கே போவது என்று ஒருவர் கேட்டதற்கு, ஒப்பீடு முடியும் வரை ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி பதில் வந்தது.

இசக்கிபாண்டியைக் கோமதிநாயகத்தோடு சேர்த்து அழைத்தார்கள். கோமதிநாயகம் கடையத்துக்காரர், பக்கத்து மெஷின், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்கும் பங்குனி உத்திரத்துக்குத் தன் சாஸ்தாவிடம் போக வேண்டும். 'நான்' என்ற ஒரு சொல்லை இசக்கிபாண்டி காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

"சொல்லுங்கண்ணா, யாரு முன்னாடி?" என்றான் கார்முகில்.

கோமதிநாயகம் யோசிக்கவே இல்லை. "தம்பிக்குப் போடுங்க. பிள்ளைக்குக் காதுகுத்துல்லா. நான் சாமியப் பெறவு போயிப் பாத்துக்கிடுதேன். சாமி எங்க ஓடிரப் போவுது?"

அப்படிச் சொன்ன மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'நான்' என்று எப்படிச் சொல்வது? பந்தியில்கூட, "நீங்க இருங்க அண்ணாச்சி, நான் அடுத்த பந்தியில இருக்கேன்" என்று சொல்லி வளர்ந்த நாக்கு அது. "இல்ல, அண்ணாச்சிக்கே போடுங்க" என்று சொல்லிவிட்டது. வெளியே வந்து, "கெடுத்தியே பாவி, ஒன் வாயில மண்ணள்ளிப் போட" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

உள்ளே கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. இவருக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் இவர், மறுபடி இவருக்கு முன்னால் அவர். சாயங்காலம் வரை அது அந்த இரண்டு பேரையும் தாண்டவில்லை. கேன்டீன் டோக்கனும் அதே மெஷினில்தான் என்பதால் சாம்பார் சாதமும் நின்றது.

ஷிப்ட் முடிந்து டீக்கடையில் கார்முகில் புலம்பினான். "ரெண்டு பேரும் 'நானு'ன்னு சொன்னா இன்னா பண்றதுன்னு எழுதி வெச்சிருக்கேன். ஒருத்தர் விட்டுக்குடுத்தாலும் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு பேருமே 'அவரு'ன்னு சொல்வாங்கன்னு எனக்கு யாருமே சொல்லலையேண்ணா."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஹேமந்த் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டப்பட்டது. 'ஒப்பீட்டின்போது சக ஊழியரை முன்னால் விடுவது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும்.'

தாண்டவராயன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு லைனைத் திரும்பிப் பார்த்தார். "இத்தினி நாளு இன்னா பண்றதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தோம். அவரே சொல்லிக் குடுத்துட்டாருபா" என்றார். "இன்னிக்கு இவன் பங்குனி. நாளைக்கு எங்க ஊட்டு ஆடி. நான் யாரப் பத்திக் கேட்டாலும் அவன்தான் முன்னாடின்னு சொல்லப் போறேன். உங்க இஷ்டம் இன்னா?"

அன்றைக்கு உள்ளே போன ஒவ்வொரு ஜோடியும் ஒழுங்கீனம் செய்தது. பெயர்கூடத் தெரியாத புதுப்பையனைப் பன்னிரண்டு வருஷத் தாண்டவராயன் முன்னால் விட்டார், புதுப்பையன் அவரை முன்னால் விட்டான். இசைவாணி மெர்சியை விட்டாள், மெர்சி இசைவாணியை விட்டாள். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்கூட, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அடுத்தவர் முன்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மெஷின் சூடேறி அணைந்தது.

மூன்றாம் நாள் வந்தது. விடிந்தால் உத்திரம். அன்று சாயங்காலமே பஸ் ஏறியாக வேண்டும். ஷிப்ட் விடும் நேரத்தில் ஹேமந்த் கீழே இறங்கி வந்து, மூன்றாவது லைன் முழுவதையும் முற்றத்தில் நிறுத்தினார். டை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"மெஷின் வேண்டாம். நானே சார்ட் பண்றேன். உங்களுக்கு முன்னாடி யார் நிக்கணும்னு நினைக்கறீங்களோ, அவங்க முதுகுக்குப் பின்னாடி போய் நில்லுங்க. லைன் தானா வந்துரும். முதல் ஆறு பேர் போகலாம்."

நின்றார்கள். சத்தம் போடாமல், தள்ளிக்கொள்ளாமல், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இல்லாத ஒழுங்கோடு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு முதுகு இருந்தது. ஹேமந்த் நடுவில் இருந்தார். வட்டம் அவரைச் சுற்றி மூடியிருந்தது.

"ஃபர்ஸ்ட் யாரு?" என்றார்.

கோமதிநாயகம் தனக்கு முன்னால் இருந்த முதுகைக் காட்டினார். அந்த முதுகுக்காரர் அடுத்த முதுகைக் காட்டினார். ஹேமந்த் விரல்களைப் பின்தொடர்ந்து நடந்தார். ஒரு சுற்று சுற்றிக் கோமதிநாயகத்திடமே வந்து சேர்ந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு சுற்று போனார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, தாண்டவராயன் இசக்கிபாண்டியின் தோளைத் தட்டி, "கெளம்புபா, வண்டலூர் வண்டி வந்துரும்" என்றார். இசக்கிபாண்டி பையை எடுத்துக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே வந்தான். கால் தரையில் பாவவில்லை. பயமாகவும் இருந்தது, எவனுக்கும் பயப்பட வேண்டியதில்லை என்றும் இருந்தது. அவன் விட்ட இடத்தைப் பின்னால் நின்றவர் ஓரடி எடுத்து வைத்து அடைத்தார். கோமதிநாயகமும் இன்னும் நாலு பேரும் அப்படியே ஒவ்வொருவராகக் கழன்று வந்தார்கள். வட்டம் கொஞ்சம் சிறியதாயிற்று, அவ்வளவுதான். வண்டலூர் போய், கிளாம்பாக்கத்தில் தெற்கே போகும் பஸ்சைப் பிடித்தார்கள்.

அந்த நாட்களில் லைன் நிற்கவில்லை. தாண்டவராயன் பழையபடி ஆளை மாற்றிப் போட்டு ஓட்டினார். லைன் நிற்காமல் ஓடியதுதான் ஹேமந்துக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்த அன்றே இசக்கிபாண்டியை விசாரணைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் வேலைநீக்க உத்தரவு தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பெயருக்கு எதிரே 'வரிசை எண்' என்ற இடம் மட்டும் காலி. அதை நிரப்பாமல் உத்தரவை வெளியிட சிஸ்டம் விடாது.

"நீ கிளம்பும்போது எத்தனையாவது இடத்துல இருந்த?" என்றார் ஹேமந்த். "அதை மட்டும் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

இசக்கிபாண்டி உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"நான் போய்ச் சேரும்போது அந்த ஒன்னுவிட்ட மாமா பட்டுக்கரை வேட்டி கெட்டி மணையில உக்காந்துட்டாவ சார். என் தங்கச்சி மூஞ்சியப் பாக்க முடியல. காது குத்த வந்த ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'பிள்ளைக்குத் தாய்மாமன் யாருய்யா?'ன்னாரு. நாந்தான்னேன். அந்த மனுசர் எந்திரிச்சு எடம் விட்டாரு, நான் உக்காந்தேன். எத்தனையாவது ஆளுன்னு அங்க ஒருத்தரும் கேக்கல சார். கேட்டாலும், எனக்கு முன்னாடியும் ஆள் கெடையாது, பின்னாடியும் ஆள் கெடையாது. அந்தக் கட்டத்துல இத எப்படி எழுதணுமோ அப்படி எழுதிக்கிடுங்க."

ஹேமந்த் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாசலைப் பார்த்து, "அடுத்தது யாரு? உள்ள வரச் சொல்லு" என்று கத்தினார்.

கதவு திறந்தது. கோமதிநாயகம் வந்தார், அவரோடு இசைவாணியும் மெர்சியும் வந்தார்கள், தாண்டவராயன் வந்தார், மூன்றாவது லைன் மொத்தமும் அவர் பின்னால் திமுதிமுவென்று உள்ளே வந்தது. அறை கொள்ளவில்லை. இரண்டு பேர் ஜன்னல் திண்டில் ஏறிக்கொண்டார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க. அடுத்தது யாருன்னுதானே கேட்டேன்" என்றார் ஹேமந்த்.

"நாங்கதான் சார்" என்றார் தாண்டவராயன்.